ஒன்பதாம் முக்காலியின் புத்தகம்

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே. உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பெண்ணுக்கும் வேண்டாம், நீ அவளை எவ்வளவு நம்பினாலும் வேண்டாம். ஆலை விடுதி அம்மா உறைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், அதனால் இதை ஒரு பழைய நோட்டின் அட்டைக்குள் வைத்து ஓரம் ஒட்டி அனுப்புவேன். தடம் தெரியாமல் ஒட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான், ஆகையால் அந்தத் தடிப்பு உன் விரலுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் இருப்பது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதை யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. அதற்குக் கீழே இருப்பது என்னுடையது. அதைப் படித்த உடனே கிழித்துவிடு, என் மேல் சத்தியமாகக் கிழித்துவிடு.

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பது தெரிந்தால்தான் அந்த வாக்கியத்தை முழுசாக எழுதினதாக ஆகும். மூன்று மாதமாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், சின்னவளும் அதையே சொல்கிறாள், இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் அது கொஞ்சம் நிஜம் மாதிரி ஆகிவிடுகிறது. கூரையில் ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் வைத்தாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரர் தினம் உன்னைக் கேட்கிறார், உன் பாவாடை ஒன்று அவரிடமே தங்கிவிட்டதாம், நீ வந்தால் நீளம் போதாது என்கிறார். கதவு இன்னும் அடியில் சிக்குகிறது. தச்சர் வந்து பார்த்து இழைத்துத் தருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். வெளியிலிருந்து அடியில் காலால் ஓர் உதை விட்டால் திறக்கும் என்பது நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும், அது போதும், நீ வந்து உதைக்கிற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். பஞ்சு மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள். தலை ஈரத்தோடு படுக்காதே. யாராவது திட்டினால் எதிர்த்துப் பேசாதே, மனசுக்குள் பேசிக்கொள், பள்ளிக்கூடத்தைப் பெருக்கும்போது நான் அப்படித்தான் பேசிக்கொள்கிறேன், தலைமையாசிரியரை நான் மனசுக்குள் பேசியதெல்லாம் வெளியே கேட்டால் என்னை வேலையில் வைத்திருக்க மாட்டார். சின்னவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நூலக வகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் புத்தகத்தைப் பிடுங்கித்தான் அவளைச் சாப்பிட வைப்பேன், இப்போது புத்தகம் என்றால் முகம் வெளுக்கிறது. என்ன என்று நீ ஒரு வார்த்தை கேட்டு எழுது, உனக்குத்தான் சொல்வாள். இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தினமும் நீ எனக்கு ஓர் அடி கிட்டே வருகிறாய். மறுநாள் போய்ப் பார்த்தால் பின்னால் போயிருக்கிறாய். நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், அந்தப் பக்கம் யாரோ உன்னைப் பிடித்து இழுக்கிறார்கள். அது யாராக இருந்தாலும் விட்டுவிடச் சொல். எனக்குக் கை வலிக்கிறது. ஆனாலும் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், என் வயசையும் சேர்த்து நீயே இரு. நீ போகும்போது சொன்ன வார்த்தையை மறக்காதே, நான் மறக்கவில்லை. இப்படிக்கு உன் அம்மா, அவள் கைநாட்டு.

இதைத் திருப்பிப் படித்துக் காட்டியபோது அம்மா முகத்தைச் சுளித்தாள். "நான் இப்படியாடி பேசினேன்? ஏதோ ஆபீசர் பேசற மாதிரி இருக்கு" என்றாள். நீ எழுதினாலும் இதே குறைதான் சொல்வாள், உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு சிவப்பு மையில் பெருவிரலைத் தோய்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இனி என்னுடையது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் அடுப்பு மூலையில் சின்ன விளக்கை ஒரு டப்பாவின் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்னை யாரோ பின்னால் இழுக்கிறார்கள் என்று அம்மா சொன்ன இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. "என்னடி நிறுத்திட்ட, எழுது" என்றாள். எழுதினேன். இழுத்தது யார் என்று எனக்குத் தெரியும் அக்கா. நான்தான். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சாவி டீச்சரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கணக்கு டீச்சர் கைக்கு நூலகச் சாவி வருவதற்கு முன்னால் நம் பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் எப்படி இருந்தன என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். இரும்பு பீரோவுக்குள் பூட்டியே இருந்தன, ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணும்போது ஒன்றும் குறையக் கூடாது என்று. "பிள்ளைங்க கையில குடுத்தா கிழிச்சிடுவாங்க" என்று தலைமையாசிரியர் சொன்னதற்கு டீச்சர், "கிழிக்கட்டும் சார், பசை நான் காய்ச்சறேன்" என்றாராம். அன்றிலிருந்து சாவியை ஊக்கில் கோத்துத் தோளில் குத்திக்கொண்டு அலைந்தார், நாம் சாவி டீச்சர் என்று பேர் வைத்தோம், அது அவருக்கும் தெரிந்து, கோபித்துக்கொள்ளாமல் விடுப்புக் கடிதத்தில்கூட ஒரு தடவை அப்படியே கையெழுத்துப் போட்டாராம். கூரை ஒழுகுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையும் தருவார். தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மூலையில் ஒரு விரிப்பு போட்டிருப்பார். நான் நாலாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சர் என்னைத் திருத்தவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே பக்கத்தைத் தனக்கும் வராதது போல எழுத்துக்கூட்டிப் படிப்பார், நான் அவரை முந்திக்கொண்டு போவேன், "இரும்மா, எனக்கு இன்னும் அந்த வரியே முடியல" என்பார். அது நடிப்பு என்று போன வருஷம்தான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கணக்கு மட்டும்தான் வரும் என்றே அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சுவர் வரிசையும் உனக்குத் தெரியும். ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு முக்காலி. யாராவது படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டால் டீச்சர் அந்த முக்காலியை வேறு யாருக்கும் தர மாட்டார். சுவரோரமாகப் போட்டு, அந்தப் பிள்ளை கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அதன் மேல் வைப்பார், விட்ட பக்கத்தில் சாக்பீஸ் டப்பா அட்டையில் வெட்டின துண்டில் எண் எழுதிச் செருகிவிடுவார். வந்ததும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பார். அந்தப் புத்தகத்தை வேறு யாரும் தொடக் கூடாது, அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். நீ இருந்தபோது மூன்று முக்காலி. இப்போது ஆறு. கம்பி வலை போட்ட ஜன்னலுக்குக் கீழே இருக்கிற ஒன்பதாம் எண் நீ. நடுக்கடலில் விளக்குக் கோபுரம் கட்டுகிறவர்களின் கதை, நூற்றுப் பதினெட்டுப் பக்கம், நீ முப்பத்தெட்டில் விட்டுவிட்டுப் போனாய். அப்பா இல்லாமல் ஆகிவிட்ட வருஷம் இரண்டு பேரில் ஒருத்திதான் பள்ளிக்கூடம் போக முடியும் என்று ஆனபோது, யார் என்று அம்மா கேட்பதற்கு முன்னாலேயே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை இப்போதுதான் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. நான் போக வேண்டாம் என்று சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்ததெல்லாம் எனக்காகவே நடக்கிறது என்று நினைத்தேன்.

நீ போன பிறகு நடந்தது இது. ரெட்டைச்சடையை உனக்குத் தெரியும், என் வகுப்பு, பன்னிரண்டாம் எண். அவளை ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். அவள் முக்காலியும் சுவர் வரிசைக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஒரு காலை நாங்கள் நூலகத்துக்குள் போனபோது அவள் அட்டைத்துண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தது. முந்தின நாள் பாதியில்தான் இருந்தது, நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்று சாயங்காலம்தான் எங்களுக்குச் சேதி தெரிந்தது, முந்தின ராத்திரியே அவள் வீட்டுக் கதவைத் தட்டி யாரோ சொல்லியிருக்கிறார்கள், காய்ச்சல், இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது, முக்காலி மட்டும் வெறுமையாக இருக்கிறது. யார் முதலில் சொன்னது தெரியாது, தூரத்தில் செத்துப் போகிறவர்கள் மிச்சப் பக்கங்களைப் படித்து முடிக்க வந்துவிட்டுப் போவார்கள் என்று எங்கள் வகுப்பில் பேச்சு. பகலில் சிரிப்போம். நூலகத்தில் சுவர்ப்பக்கம் முதுகு காட்டி யாரும் உட்காருவதில்லை.

உன் கடிதம் நின்று ஒரு மாதம் ஆனபோது உன் அட்டைத்துண்டு நகர்ந்திருந்தது. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று. நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். மறுநாள் நாற்பத்தைந்து. ஒரு நாள் ஒரு பக்கம், ஒரு நாள் ஆறு பக்கம், கணக்கே இல்லாமல் நகர்ந்தது. பக்கங்களின் ஓரத்தில் விரல் பட்ட அழுக்கு இருந்தது, நீ எப்போதும் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவாய், உன் விரல் அங்கே கறுப்பாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை தாள் கொஞ்சம் ஈரமாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் உள்ளே போய் அட்டைத்துண்டை எடுத்து ஐந்து பக்கம் பின்னால் செருகிவிட்டு வந்தேன். நீ முடிக்காமல் இருக்கிற வரைக்கும் இருப்பாய் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் போனால் அது நான் வைத்த இடத்தைத் தாண்டி, பழைய இடத்தையும் தாண்டி முன்னால் போயிருக்கும். நான் பத்துப் பக்கம் பின்னால் வைப்பேன். அது பதினைந்து பக்கம் முன்னால் போகும். அக்கா, ஒரு கயிற்றின் அந்த முனையில் உன்னை வைத்துக்கொண்டு நான் இந்த முனையைப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது, நீ கோபமாக இருக்கிறாய் என்றுகூட நினைத்தேன். ஒரு மதியம் புத்தகத்தின் மேல் கையை வைத்து, படிக்காதே அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், கதை நன்றாகவே இல்லை, நிறுத்திவிடு என்று சத்தமாகவே சொன்னேன். அந்தக் கதையை நான் படித்ததே இல்லை.

அது நூறைத் தாண்டின அன்று என்னால் முடியவில்லை. போன திங்கட்கிழமை பசை காய்ச்சிக்கொண்டிருந்த டீச்சரிடம் போய், ரெட்டைச்சடையின் புத்தகம் எப்படி முடிந்தது என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "நான்தாம்மா படிச்சேன். அவங்க வீட்ல இருந்து ராத்திரியே எனக்குச் சொல்லி அனுப்பினாங்க. விடிய முன்ன வந்து உக்காந்து மிச்சத்தையும் சத்தமாப் படிச்சேன். பாதியில விட எனக்கு மனசு வரல" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பயம் போயிருக்க வேண்டும், இல்லையா. போகவில்லை, வேறு மாதிரி ஆயிற்று. டீச்சர்தான் மிச்சத்தைப் படிக்கிறவர் என்றால், உன் புத்தகத்தையும் அவர்தான் படிக்கிறார். அப்படியென்றால் அவருக்கு உன்னைப் பற்றி ஏதோ தெரியும். எங்களிடம் மறைக்கிறார். நேராகவே கேட்டேன், அக்கா புத்தகத்தையும் நீங்கள்தானே படிக்கிறீர்கள், அக்கா செத்துவிட்டாளா என்று. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நான் அதத் தொடவே இல்லையேம்மா" என்றார். எழுந்து வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தார். நூற்று மூன்று. "இது முப்பத்தெட்டுல இல்ல இருந்துச்சு. என் கையால வெச்சேனே" என்றார். அடுப்பில் பசை தீய்ந்தது, இரண்டு பேருக்கும் மூக்கில் ஏறவில்லை.

அன்றைக்கே ஆலை அலுவலகத்துக்குப் போன் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். போன மாதத்திலிருந்து நாலு தடவை அவர் கூப்பிட்டிருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். "வேலையில இருக்கா, பிறகு பேசச் சொல்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள், நாலு தடவையும் இதே சொல், இதே குரல் என்றார் டீச்சர். மறுபடி கூப்பிட்டு, "ஒன்பதாம் நம்பர் பிள்ளை எங்கிட்ட ஒரு புத்தகம் பாக்கி வெச்சிருக்கு, அது கையெழுத்துப் போடணும்" என்றார். அந்தப் பக்கம் சிரித்திருக்கிறார்கள். டீச்சருக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே, ரொம்ப நேரம் துடைத்தார். நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் உன்னைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். தலைமையாசிரியரிடம் பல்வலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்தார். சாவியை ஊக்கோடு கழற்றி அம்மாவிடம் தந்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குப் பொழுது சாய வந்துடுவேன், அவள நேர்ல பாக்காம வர மாட்டேன்" என்றார். அம்மாவிடம் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, ஊரில் ஒரு வேலை என்றார். எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினார். இன்றைக்குப் பொழுது சாய்ந்து எவ்வளவோ நேரம் ஆயிற்று. கடைசி பஸ்ஸும் போன சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. ரெட்டைச்சடை வீட்டுக்குச் சேதி வந்தது ராத்திரி கதவைத் தட்டித்தான் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் இன்று சாயங்காலம் நான் ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். டீச்சர் இல்லாததால் நூலகம் திறக்கவில்லை, அட்டைத்துண்டை என்னால் பின்னால் வைக்க முடியவில்லை. பள்ளி விட்ட பிறகு ஜன்னல் வலை வழியாகக் குச்சியை விட்டாவது நகர்த்தலாமா என்று பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். உள்ளே நீ பேசிக்கொண்டிருந்தாய். சத்தியமாக அக்கா, உன் குரல், வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவாயே அதே இழுப்பு. "அம்மா, இங்க எல்லாம் சரியா இருக்கும்மா. சாப்பாடு பரவாயில்ல, உப்புதான் கம்மி. தங்கச்சிய அடிக்காத. அவ வயித்துவலி பொய், ஆனா அவ பொய்க்காரி இல்ல" என்றாய். அப்புறம் அம்மாவின் குரல், "அடிக்கலடி, ஒரு தட்டு தட்டினேன் அவ்வளவுதான். நீ சொல்லு, நின்னு நின்னு கால் வீங்குமே, அது வத்திச்சா" என்றது. மறுபடி நீ, "வத்திடுச்சும்மா" என்றாய். நான் வலையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே அம்மா மட்டும்தான் இருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உன் முக்காலியின் எதிரே தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, வரிக்கு வரி விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனாள். வரியில் விரல் ஓடும்போது உன் குரல், வரி முடிந்து விரல் தூக்கும்போது அவள் குரல்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவளை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை அக்கா. தினம் அவள்தான் அந்த அறையைப் பெருக்குகிறாள், டீச்சர் வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி கொஞ்ச நேரம் அவளிடம்தான் இருக்கும், ஆனாலும் டீச்சருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பஸ் நம்பர் பார்க்கிற அளவுக்கு எண் தெரியும் அவளுக்கு. பக்கத்தின் எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறாள். கால் வலி இல்லாத நாளில் ஆறு பக்கம், வலிக்கிற நாளில் ஒன்று. விரலில் இருந்தது பெருக்கின தூசி. ஈரம் எது என்று உனக்கே தெரியும். உன் கடிதம் வராததால் அந்தப் புத்தகத்தையே உன் கடிதமாக வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, அட்டைத்துண்டைச் செருகி, எண்ணை உற்றுப் பார்த்து, "நூத்திப் பதினேழு" என்றாள். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. "மிச்சத்த நாளைக்குச் சொல்லு. எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லிட்டா நாளைக்கு என்ன சொல்லுவ" என்று புத்தகத்தைத் தட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "முடியறதுக்குள்ள வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தானடி போன. நான் முடிக்கப் போறேன், நீ எங்க" என்றாள்.

நீ போகிற அன்று வாசலில் விளையாட்டாகச் சொன்னாயே, டீச்சர் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறார், அது முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று. அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பக்கங்களைத் தள்ளத் தள்ள நீ கிட்டே வருகிறாய் என்று அவள் இழுத்திருக்கிறாள், முடிந்தால் நீ இல்லாமல் போய்விடுவாய் என்று நான் இழுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேயாக இருந்திருக்கிறோம். அம்மாவின் தூக்கத்தை நான் கெடுத்தேன், என் சாப்பாட்டை அவள் கெடுத்தாள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு. எனக்கு இப்போது பயம் போயிருக்க வேண்டும், ஆவி கீவி ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதே. ஆனால் அக்கா, பக்கங்களை நகர்த்தியது நீ இல்லை என்றால், உன்னைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றுதானே அர்த்தம். நீ கோபமாகப் புத்தகம் படிக்கிறாய் என்று நினைத்தபோதாவது நீ பக்கத்தில் இருந்தாய். இப்போது அந்த அறையில் யாருமே இல்லை. இதுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அம்மா புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். இதுவரை ஒரு தாளைக்கூட அங்கிருந்து எடுத்தவள் இல்லை. துணிக்குள் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்தாள், அவள் தூங்கின பிறகு மெதுவாக உருவினேன், இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. நூலகத்தில் இருப்பதைவிட இங்கே சின்னதாகத் தெரிகிறது. இதை எழுத ஆரம்பிக்கும்போது என்ன நினைத்தேன் என்றால், அட்டைத்துண்டை எடுத்து ஒரேயடியாக முப்பத்தெட்டிலேயே வைத்துவிடுவோம், நீ விட்ட இடத்திலேயே இருக்கட்டும், எல்லாம் முதலிலிருந்து ஆகட்டும் என்று. கையையும் வைத்துவிட்டேன். அப்போது அம்மா தூக்கத்தில் வலது கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள், எனக்குக் கை வலிக்கிறது என்று கடிதத்தில் சொன்னாளே, அந்தக் கை. இனிமேல் நான் பின்னால் இழுக்க மாட்டேன் அக்கா. அம்மா இழுக்கிற பக்கமே நானும் இழுக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், டீச்சர் எனக்கு அதை எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று மேலே சொன்னேன் இல்லையா. கடைசித் தாளை அவள் நாளைக்கு உன் குரலில் சொல்வதற்கு முன்னால், அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நான் உனக்குப் படிக்கிறேன். நீ விட்ட கதை, நீயே கேட்டுக்கொள். எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். டீச்சர் உன்னைப் பார்க்காமல் திரும்பி வந்தால் நாளைக் காலையில் இதைத் தபாலில் போடுவேன், இந்தப் பக்கத்தைப் படித்ததும் ஒரு வரி எழுது, ஒரு வரி போதும், உப்பு கம்மி என்று எழுதினாலும் போதும்.

திருப்பிவிட்டேன். நூற்றுப் பதினேழில் படம் மட்டும்தான், கடல், கோபுரம், உச்சியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நம் அம்மா உட்காருகிற மாதிரி ஒரு காலை நீட்டிக்கொண்டு. நூற்றுப் பதினெட்டில் மூன்றே வரி. அப்படியே எழுதுகிறேன். அன்று விளக்கை ஏற்றிவிட்டார்கள், ஆனால் ஒரு கப்பலும் வரவில்லை. விடியும்வரை எண்ணெய் போதுமா என்று ஒருவர் கேட்டார், போதாவிட்டால்

கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. மூன்று தட்டு, டஸ்டரால் மேசையைத் தட்டுகிற மாதிரி, அது டீச்சர்தான், டீச்சர் இருமுகிறார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசாமல் நிற்கிறார். நான் எழுந்திருக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுதுகிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா எழுந்துவிட்டாள். யார் என்றுகூடக் கேட்கவில்லை. இருட்டில் தாழ்ப்பாளை எடுக்கிறாள், இழுக்கிறாள், அடியில் சிக்குகிறது, வரவில்லை, மறுபடி இழுக்கிறாள், டீச்சர் வெளியே நின்று கதவைக் கையால்தான் தள்ளுகிறார், அவருக்கு அது தெரியாது, இப்போது வெளியிலிருந்து அடியில் காலால் ஓர் உதை